பிளீச்சிங் பவுடரைப் பார்த்து நோயைத் தெரிந்துகொள்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையோரக் கிராமங்களில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று நாலு வரிச் செய்தி வந்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து மூன்று தடவை வாசித்தேன். எந்த ஊர் என்று இல்லை. எத்தனை பேருக்கு என்று இல்லை. என்றைக்கு ஆரம்பித்தது என்றும் இல்லை. ‘சுகாதாரத் துறையினர் முகாமிட்டுள்ளனர்’ என்று மட்டும் இருந்தது. பாபநாசத்தில் மலையிறங்கி புன்னைக்காயலில் கடலில் விழுகிற வரைக்கும் ஆற்றுக்கு ரெண்டு பக்கமும் கரைதான். இதில் நாங்கள் எந்தக் கரை?

எங்கள் தெருவுக்கு நோய் வந்தால் அதை யாரும் சொல்லி நாங்கள் தெரிந்துகொள்வதில்லை. காலையில் கதவைத் திறந்தால் சாக்கடை ஓரம் நெடுகக் கோடு போட்ட மாதிரி பிளீச்சிங் பவுடர் கிடக்கும். என் வீட்டுக்காரி வாசல் தெளிக்கப் போனவள் அப்படியே வாளியோடு நின்று, கோடு எங்கே தொடங்குகிறது, எந்த வாசலில் கெட்டியாக விழுந்திருக்கிறது என்று பார்ப்பாள். “நாலாவது வீட்டுல என்னமோ இருக்கு” என்பாள். எங்களுக்கு வருகிற சுகாதார அறிக்கை அவ்வளவுதான். மழை பெய்துவிட்டால் அதுவும் கரைந்துபோகும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 31 வருடமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுவேன். அது போக ஆட்டோவில் குழாய் கட்டி ஊருக்குள் அறிவிப்பும் செய்வேன். தண்ணீர் வராது, கரண்ட் வராது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், இன்னார் இறந்துபோனார் எல்லாம் இந்த வாயால் சொன்னதுதான். கொரோனா காலத்திலும் ரெண்டு வருடம் நான்தான் கத்தினேன். அதனால் இந்த விஷயத்தில் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

அறிவிப்பு என்பது ஒரு தொழில் சுத்தம் உள்ள வேலை. ஆட்டோ நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது. முக்குக்கு முக்கு நிறுத்தி மூன்று தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை யாரோ கத்துகிறான் என்று நினைப்பார்கள். ரெண்டாவது தடவை காது கொடுப்பார்கள். மூன்றாவது தடவைதான் விஷயம் உள்ளே போகும். அதிலும் தெருப் பெயரைச் சொன்னால் போதும், பீடி சுற்றிக்கொண்டிருக்கிற பொம்பளைகள் மடியில் இருக்கிற தட்டை இறக்கி வைத்துவிட்டு நடைக்கு வந்துவிடுவார்கள். தெரு இல்லை, நாள் இல்லை, நேரம் இல்லை என்றால் ஒரு ஆளும் தலையைத் தூக்க மாட்டார். ஆடு காணாமல் போனால்கூட என்ன நிறம், எந்தக் காதில் வெட்டு, எந்த வயக்காட்டில் கடைசியாக மேய்ந்தது, கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொண்டுவருவார்கள்.

இப்போது 2020, 2021-ல் என் கையில் கொடுத்த பேப்பருக்கு வருகிறேன். முகக்கவசம் அணியுங்கள், சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஆறடி தள்ளி நில்லுங்கள், காய்ச்சல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு. எல்லாம் நல்ல வார்த்தைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரெண்டு வருடமும் கிட்டத்தட்ட அதே பேப்பர். ஊரில் ஒருத்தருக்கும் இல்லாதபோதும் அதைத்தான் வாசித்தேன். தெருவுக்கு நாலு வீட்டில் படுத்துக் கிடந்தபோதும் அதைத்தான் வாசித்தேன். கடைசியில் பேசவும் வேண்டாம் என்று பென் டிரைவில் பதிவு செய்து ஓடவிட்டேன். ஆட்டுக்குக் கிடைத்த தகவல் மனுசனுக்குக் கிடைக்கவில்லை.

2021 மே முதல் வாரம். முழு ஊரடங்கு 10-ஆம் தேதி வரப்போகிறது, அதற்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை கல்யாணம். 50 பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு, அதனால் மண்டபம் இல்லாமல் பெண் வீட்டிலேயே வைத்தார்கள். தெருவில் சின்னப் பந்தல், ரெண்டு பாக்ஸ், ஒரு மைக். எங்கள் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், தொழிலில் எனக்குக் கூட்டாளி. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்துவிட்டால் தாலி கட்டி முடிகிற வரை எழுந்திருக்க மாட்டான். கெட்டிமேளம் வரும்போது நாதஸ்வரக்காரர் மைக்கை விட்டு விலகுவார், அப்போது வால்யூமைக் கொஞ்சம் ஏற்றணும், அது தன் கைக்குத்தான் தெரியும் என்பான். பின் தெருவில் என் ஆட்டோ. அதில் என் குரல்: “ஆறடி தள்ளி நில்லுங்கள்.”

அந்தப் பின் தெருவில் நாலு பேருக்குத் திங்கட்கிழமையே பாசிட்டிவ் வந்திருக்கிறது. அதில் ரெண்டு பேர் கல்யாணப் பெண்ணுக்குச் சொந்தம். சாம்பிள் கொடுத்து முடிவு வருவதற்குள் மூன்று நாள் பலசரக்கு வாங்கிக் கொடுத்து, பந்தக்கால் ஊன்றி, கோலம் போட்டு எல்லா வீட்டுக்கும் நடந்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கும் தெரியாது. முடிவு வந்ததும் ராத்திரியில் சைரன் போடாமல் 108 வந்து ஏற்றிக்கொண்டு போனது. காலையில் கேட்டால் “சுகர் கூடிருச்சு” என்று பதில். தகவல் இருக்க வேண்டிய ஆபீசில் தகவல் இருந்தது. நான் செவ்வாய்க்கிழமை அந்த ஆபீசுக்கு டீசல் காசு வாங்கப் போயிருக்கிறேன். அங்கே இருந்த தம்பியிடம் கேட்டேன், நம்ம ஊர்ல இப்ப எந்தப் பக்கம் கூடுதலா இருக்கு, அந்தப் பக்கம் ரெண்டு சுற்று கூடுதலாப் போறேன் என்று. “அண்ணாச்சி, அதெல்லாம் சொல்லக் கூடாது, ஜனங்க பயந்துருவாங்க. பேப்பர்ல இருக்கத மட்டும் வாசிங்க” என்றார். தங்கமான பையன். அவரும் அந்த மாதம் படுத்துத்தான் எழுந்தார்.

அண்ணனுக்கு அடுத்த திங்கட்கிழமை காய்ச்சல். ஒன்பதாம் நாள் போய்விட்டான். வயது 54. அத்தனை வருடமாக ஊரில் யார் இறந்தாலும் அறிவித்த ஆட்டோ, அவனுக்கு மட்டும் ஓடவில்லை. அப்போது கூட்டம் சேர்க்கக் கூடாது என்பதால் நாலு பேர் கவச உடை போட்டுக் கொண்டுபோனார்கள்.

அந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் மாநில சுகாதாரத் துறை அறிக்கை வரும். இங்கிலீஷில் இருக்கும். நர்சிங் படிக்கிற என் மகள் செல்லில் வைத்து வாசித்துச் சொல்லுவாள். ஒன்று சொல்லணும், அது நல்ல அறிக்கை. மாவட்ட வாரியாகக் கணக்கு இருக்கும். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர் போடாமல் வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், சர்க்கரை வியாதி உண்டா, என்றைக்குச் சேர்த்தார்கள், என்றைக்கு இறந்தார் என்று எழுதியிருப்பார்கள். அண்ணன் போன பிறகு தினமும் அதில் தேடினோம். 54 வயது ஆண், திருநெல்வேலி. சில நாள் கழித்து ஒரு வரி வந்தது. அவன்தான். மகள் வாசித்துவிட்டு செல்லைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு மனுசனைப் பெயர் சொல்லாமலேயே இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்றால், பின் தெருவில் நாலு பேருக்கு இருக்கிறது என்று பெயர் சொல்லாமல் சொல்ல ஏன் முடியவில்லை? நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

அரசாங்கம் எதையும் சொல்லவில்லை என்று பேச எனக்கு மனசு வராது. 2020 ஜூலை 22-ல் சென்னையில் விடுபட்டுப்போன 444 மரணங்களைத் தாங்களே பதிவேடுகளை ஒத்துப்பார்த்துக் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்தார்கள். அன்றைக்குத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு என்னவோ அன்றைக்குப் பிறகுதான் அந்த அறிக்கையின் மேல் நம்பிக்கை கூடியது. தப்பை ஒத்துக்கொள்கிற கணக்குப்பிள்ளையைத்தானே கடையில் வைத்துக்கொள்வோம். ஆனால் அது மாவட்டம் வரைக்கும்தான் வந்தது. மாவட்டக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய முடியாது.

வூஹானில் என்ன நடந்தது என்று அப்புறம் படித்தபோது எங்கள் தெருப் பந்தல்தான் ஞாபகம் வந்தது. 2019 டிசம்பர் 30-ல் லீ வென்லியாங் என்ற கண் டாக்டர் கூட வேலை பார்க்கிற டாக்டர்களுக்குத்தான் சொன்னார், ஜாக்கிரதையாக இருங்கள் என்று. வதந்தி பரப்புகிறாய் என்று போலீசில் கூப்பிட்டு ஜனவரி 3-ல் கையெழுத்து வாங்கினார்கள். மனுசனிடமிருந்து மனுசனுக்குத் தொற்றுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னது ஜனவரி 20. அதற்கு ரெண்டு நாள் முன்னால் அதே ஊரில் ஒரு பெரிய குடியிருப்பில் 40,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்து புத்தாண்டு விருந்து சாப்பிட்டிருக்கின்றன. 23-ஆம் தேதி ஊரையே அடைத்தார்கள். அந்த டாக்டர் பிப்ரவரி 7-ல் அதே நோயில் இறந்தார். அந்த விருந்துக்கு மைக் செட் போட்டவன் ஒருத்தன் இருந்திருப்பான் இல்லையா? அவனைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைப்பேன்.

இப்படி ஒரு தொற்று கண்டால், அது பெரிய ஆபத்தாகலாம் என்று தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அந்த நாடு உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறதாம், 2005-ல் நிறைவேறி 2007-ல் அமலுக்கு வந்தது. 2025 மே மாதம் ஜெனீவாவில் பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றும் நிறைவேறியிருக்கிறது. சரி, ஜெனீவாவுக்கு 24 மணி நேரம். எங்கள் பின் தெருவிலிருந்து முன் தெருவுக்கு எத்தனை மணி நேரம்?

தகவல் இல்லாமலும் இல்லை. மகள் சொல்கிறாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் எத்தனை பேருக்கு, வயிற்றுப்போக்கு எத்தனை பேருக்கு என்று எழுதி மேலே அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2004-ல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டம் அது. எங்கள் ஊர்க் காய்ச்சல் கணக்கு டில்லி வரை போகிறது. போகிற வழியில் எங்கள் தெருவுக்கு மட்டும் வருவதில்லை. அதனால்தான் உங்கள் ‘மர்மக் காய்ச்சல்’ என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டருக்கு அது டெங்குவா, எலிக்காய்ச்சலா, டைபாய்டா என்று தெரிந்துவிடும். முடிவு வரவில்லை என்றால் முடிவு வரவில்லை என்று போடுங்கள், அதுவும் தகவல்தான். மர்மம் என்றால் பீடிக்கடையில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். மதினி பீடி சுற்றுகிறாள். சாயங்காலம் பீடிக்கடையில் சுற்றிய பீடியைக் கொடுத்து இலையும் தூளும் வாங்க வரிசையில் நிற்கிற நேரம்தான் எங்கள் ஊரின் செய்தி நேரம். யார் வீட்டுக்கு 108 வந்தது, யார் பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது எல்லாம் அங்கே வந்துவிடும். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லும். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வருவார்கள் என்று அங்கே கேட்டதை நம்பித்தான் அண்ணன் நாலு நாள் வீட்டிலேயே கசாயம் குடித்துக்கொண்டு கிடந்தான். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் குணமாகி வந்தார்கள் என்று ஊர்க் கணக்கை நான் ஆட்டோவில் சொல்லியிருந்தால் அவனைக் கிளப்பியிருக்கலாம். பெரும்பாலானவர்கள் திரும்பித்தான் வந்தார்கள். அந்த நல்ல சேதியையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டோம்.

கேரளாவில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. புளியரை தாண்டினால் அந்தப் பக்கம்தான். 2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குத் தொற்று என்றதும், பத்தனம்திட்டை மாவட்டத்தில் பிப்ரவரி 29 முதல் மார்ச் 6 வரை அவர்கள் எந்தெந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போனார்கள் என்று படம் போட்டு வெளியிட்டார்கள். பெயர் போடவில்லை. கடை, தபால் நிலையம், நேரம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் தாங்களாகவே போன் செய்தார்கள். யாரும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடவில்லை.

ஆள் அடையாளம் வெளியே போனால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. 2020-ல் எங்கள் ஊரின் முதல் நோயாளி யார் என்று வாட்ஸ்அப்பில் பெயர், போட்டோவோடு சுற்றியது. நானும் ரெண்டு குரூப்புக்கு அனுப்பினேன். ஒளிக்கவில்லை, அனுப்பினேன். அந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். பால்காரர் ஒரு மாதம் அந்த வீட்டுக்கு ஊற்றவில்லை. பையன் குணமாகி வந்த பிறகும் சலூனில் உட்கார வைக்கவில்லை. அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று சொன்னது. அந்தப் பையன் இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிப்பான், ஆனால் வண்டியை நிறுத்த மாட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், சொல்லக் கூடாததைச் சொன்னோம். எங்கள் ஊரில் நடந்தது இதுதான்.

இந்தக் கடிதம் எழுதப்போகிறேன் என்று டீக்கடையில் சொன்னதற்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி, “தெருப் பேரச் சொன்னா அந்தத் தெருவுல யாவாரம் படுத்துரும்லா?” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்து நாள் வியாபாரம் போனால் வட்டி கட்ட வேண்டியவர் அவர்தான். தெருவைச் சொல்கிற அரசாங்கம் அந்தப் பத்து நாளுக்கு அவருக்கு ஏதாவது பார்க்கத்தான் வேண்டும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஜனங்களுக்குக் கணக்கெல்லாம் புரியாது, பீதிதான் வரும் என்றார். இதற்கு மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி, அதில் கழிவு இவ்வளவு, பி.எஃப். இவ்வளவு என்று மனக்கணக்காகவே சொல்கிற பொம்பளைகளுக்கா கணக்கு புரியாது?

அப்புறம் பீதி. 2023 டிசம்பர் 17 ராத்திரி என்னை எழுப்பி ஆட்டோவை எடுக்கச் சொன்னார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது அப்போதுதான். எங்கள் பக்கம் அணையிலிருந்து வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள், எந்தெந்தத் தெரு முதலில் முங்கும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும் என்று எழுதிக் கொடுத்தார்கள். குடை பிடித்துக்கொண்டு வாசித்தேன். பேப்பர் நனைந்து மை இறங்கியது, மனப்பாடமாகச் சொன்னேன். கன அடி என்றால் எவ்வளவு தண்ணீர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. போன தடவையைவிடக் கூட என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிழவிகள் முன்னால் நடந்தார்கள். யாரும் கூப்பாடு போடவில்லை. வெள்ளத்துக்குச் சொல்லத் தெரிந்தவர்களுக்குக் காய்ச்சலுக்கு ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மதினியின் விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. அண்ணனின் இறப்புச் சான்றிதழோடு வந்த தாளில் முதலில் ‘மூச்சுத் திணறல்’ என்றுதான் இருந்தது. பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் இறந்தால் கொரோனா மரணமாகவே கொள்ளலாம் என்று 2021 செப்டம்பரில் விதி வந்த பிறகுதான் 50,000 ரூபாய்க்கு மனுப் போட முடிந்தது. பணம் வந்தது. மதினி அந்தத் தாளை இன்னும் பீடி இலைக் கட்டுக்குக் கீழே பெட்டியில் வைத்திருக்கிறாள்.

இனி உங்களிடம் கேட்பது. உங்கள் பத்திரிகையில் தினமும் ஒரு சின்னப் பெட்டி வருகிறது: பாபநாசம் உச்சநீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. வயக்காட்டுக்காரர் தலைப்புச் செய்திக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி போடுங்கள். ஒன்றியம், பேரூராட்சி வாரியாக நேற்று காய்ச்சலுக்கு வந்தவர்கள் இத்தனை பேர், டெங்கு உறுதியானது இத்தனை, எலிக்காய்ச்சல் இத்தனை, குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் இத்தனை. பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம். உங்கள் நிருபர் தினமும் போய் நின்று கேட்டால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு மாதத்தில் கொடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்து நான் ஆட்டோவில் வாசித்துவிடுகிறேன், டீசல் காசுகூட வேண்டாம்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். அந்த ஆபீசில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை புகை மருந்து அடிக்கிறார்களாம், வீட்டுப் பாத்திரங்களை மூடி வைக்கச் சொல்லி அறிவிப்பு. எதுக்குத் தம்பி திடீர்னு புகை என்று கேட்டேன். “கொசுவுக்கு அண்ணாச்சி” என்றார்.

இப்படிக்கு,
ஒரு சவுண்ட் சர்வீஸ்காரன்,
திருநெல்வேலி மாவட்டம்.